சமைக்காத நாளின் மீன்

அனுப்புநர்:
தேதி அச்சு சரிபார்ப்பாளர்,
மருந்து பேக்கிங் தொழிற்சாலை,
பெண்கள் விடுதி, அறை 14.

பெறுநர்:
உணவுப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: தொழிற்சாலை கேன்டீனில் பழைய உணவு புதிதெனப் பரிமாறப்படுவதாகச் சந்தேகம் – முன்னறிவிப்பின்றிச் சோதனையிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மருந்துப் பெட்டிகளில் அச்சான தேதி சரியா என்று பார்ப்பது என் வேலை. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். என் சம்பளத்தில்தான் தங்கை படிக்கிறாள்.

2. என் உடல் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளைத் தாங்காது என்கிறார் மருத்துவர். சமைத்து வைத்த மீனிலும் இறைச்சியிலும் நேரம் ஆக ஆக அது கூடுமாம்; மறுபடி சூடாக்கினாலும் போகாதாம். மற்றவர்களுக்குச் செரித்துவிடும் அளவே எனக்குக் கழுத்தில் தடிப்பும் மூச்சுத்திணறலும் தருகிறது. அன்றன்று சமைத்ததைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை.

3. மருத்துவர் சொன்னபடி, சாப்பிட்டதை ஆறு வாரமாகக் குறித்து வருகிறேன். பதினொரு நாள் தடிப்பு. மீனை நிறுத்தினேன், கோழியில் வந்தது. கோழியை நிறுத்தினேன், சூப்பில் வந்தது. மிஞ்சிய உணவு கொட்டப்படாமல், மறுநாளுக்குப் பாத்திரம் மட்டும் மாறுகிறதோ என்று ஐயுறுகிறேன். வெளியிலிருந்து கொண்டுவரும் சாப்பாட்டை வாசல் காவலர் உள்ளே விடுவதில்லை.

4. புகார்ப் பெட்டியில் பெயரில்லாமல் எழுதிப் போட்டேன். அன்று மதியமே தட்டை நீட்டியபோது கேன்டீன் மேற்பார்வையாளர், "கையெழுத்து முத்து முத்தா இருக்கேம்மா! இருநூறு பேர் சாப்பிடுறாங்க, உனக்கு மட்டும் எப்படிம்மா அரிக்குது?" என்றார். வரிசையே சிரித்தது. பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. ஆகவே இம்மனு தட்டச்சில்.

5. தினமும் சமைக்கும் உணவில் ஒரு மாதிரியை, பின்னர் சோதிப்பதற்காக, டப்பாவில் தேதியிட்டுக் குளிர்பெட்டியில் வைப்பது விதி. நேற்று, செவ்வாய், தண்ணீர்த் தொட்டி கழுவியதால் அடுப்பே எரியவில்லை. ரொட்டி வாங்கித் தந்தார்கள். இன்று காலை கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். நேற்றைய தேதியிட்ட டப்பாவில் மீன் இருந்தது. வாரம் முழுவதற்குமான டப்பாக்களைத் திங்களன்றே நிரப்பி, தேதி ஒட்டிவிடுகிறார்கள் என்று நம்புகிறேன்.

6. என் நோய்க்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று வெள்ளிக்குள் எழுதித் தர வேண்டும், இல்லையேல் வேலையை விட வேண்டும் என்கிறார் மேலாளர்.

தயவுசெய்து இதை விளக்கம் கேட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டாம். தாங்கள் வரும் நாள் எங்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அன்று மட்டும் மேசைகளில் விரிப்பு இருக்கும். சொல்லாமல், நாளையே வந்து, அந்தச் செவ்வாய் டப்பாவைத் தங்கள் கையாலேயே எடுத்துச் சோதிக்க வேண்டுகிறேன். இதுவரை அந்த உணவைச் சோதித்தது என் கழுத்து மட்டுமே.

பெயரில்லா மனுவை அரசு அலுவலகத்தில் யாரும் படிப்பதில்லை என்றார்கள். கையெழுத்திட்டிருக்கிறேன்.

இடம்: பெண்கள் விடுதி
நாள்: 17, புதன்

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)

இணைப்பு: ஆறு வார உணவுக் குறிப்பு – நகல் மட்டும். அசல் என்னிடம் இருக்கிறது.