கல்லறைக் கல்லில் வரும் பெயர்கள்

நவம்பர் 9, ஞாயிறு

விட்டு விட்டு மழை. துணி எதுவும் காயவில்லை. யூனிபார்ம் ஃபேனுக்குக் கீழே தொங்குகிறது.

அப்பா போய் இன்றோடு இருபத்தைந்து நாள். வெள்ளிக்கிழமை முப்பதாம் நாள் பூசை. செய்ய வேண்டியவை:

– கோயில் உபதேசியாரிடம் பூசைக்கு அப்பா பெயர் (கொடுத்தாயிற்று, காலை 6.30)
– லேபில் லீவு கேட்க. வியாழன், வெள்ளி
– அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து
– கல்

கல்தான் பாக்கி. கல்லறைத் திருநாளன்று எல்லாக் கல்லறையிலும் வெள்ளையடித்து, பூ, மெழுகுவர்த்தி. அப்பாவுக்கு மட்டும் ஈர மண். மரச் சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்த மனுஷனுக்கு அது பிடித்திருக்காது. நிமிர்த்தி, ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கல் அண்ணன் பொறுப்பு. ஓசூரில் இருந்துகொண்டு எல்லாம் போனிலேயே. கல்லில் வெட்டப்போகும் வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். மேலே சிலுவை. சவரிமுத்து, முன்னாள் இராணுவ வீரர். கீழே வரிசையாக: மனைவி ஆரோக்கியமேரி. மகன் ஜெரோம். மருமகள் லில்லி. மகள் ஸ்டெல்லா. பேரன் ஆல்வின்.

மருமகள் இருக்கிறாள். மருமகன் பெயர், என் வீட்டுக்காரர் பெயர், இல்லை. மூன்று தடவை படித்தேன்.

நவம்பர் 10, திங்கள்

ரயில் லேட். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் முழங்கால் வரை தண்ணீர். செருப்பு போயிற்று. லேபில் பெயின்ட் சாம்பிள் பதினாறு.

சாப்பாட்டு நேரத்தில் அண்ணனுக்குப் போன்.

"அண்ணா, கல்லுல அவரு பேரு வுட்டுப் போச்சு."

"வுட்டுப் போவல. நானாத்தான் போடல."

"ஏன்?"

"நைனா ஒரு நாளாவது அந்தப் பேரை வாயால சொல்லி நீ கேட்டுக்கிறியா? அவரு சொல்லாத பேரை அவரு தலைமாட்டுல எழுதச் சொல்றியா? நீயே சொல்லு ஸ்டெல்லா."

போனை வைத்துவிட்டேன். அவன் வம்புக்குச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சொன்னது உண்மை. அதுதான் வலிக்கிறது.

தேசப்பனைக் கல்யாணம் செய்து ஆறு வருடம். பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை, இந்து. ரெஜிஸ்டர் ஆபீசில் இரண்டு மாலை, நான்கு கையெழுத்து. அப்பா வரவில்லை. கோயிலில் மந்திரிக்காத கல்யாணம் அவருக்குக் கல்யாணமே இல்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை, வீட்டுக்கு வராதே என்றும் சொல்லவில்லை. நான் போனால் "ரயில் கூட்டமா?" என்பார். தேசப்பன் கூட வந்தால் குடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். வெயில் காலத்திலும் குடை.

மாலை மருந்துக் கடை மூடியிருந்தது. நாளை.

நவம்பர் 11, செவ்வாய்

வானம் மூடிக்கொண்டே இருக்கிறது. மழை இல்லை. சொட்டு மருந்து வாங்கியாயிற்று.

அப்பாவை நினைத்தால் வருகிறவை, வந்த வரிசையில்:

ஷூ பாலிஷ் வாசனை. லடாக்கில் பட்டாள லாரி ஓட்டியபோது குளிரில் மரத்துப்போன இடது சுண்டுவிரல். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடை பழகினேனாம். சப்பாத்தியைச் சரியான வட்டமாக இடுவார், அம்மாவுக்கு வராது. எனக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரித் தரையில் ஒன்பது நாள் படுத்திருந்தார். ஏழு மணிக்குச் செபமாலை, ஊரே பற்றி எரிந்தாலும் ஏழு மணிக்கு.

பிறகு "பட்டன்!"

பென்ஷனில் வந்தபின் தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு ஃபேக்டரி கேட்டில் செக்யூரிட்டி. சட்டையின் மேல் பட்டன் போடாமல் எவனும் உள்ளே போக முடியாது. தேசப்பன் அங்கேதான் கிரேன் ஆபரேட்டர். கல்யாணத்துக்கு முன்னும் "பட்டன்!", பின்னும் "பட்டன்!". மாமனாரும் மருமகனும் ஆறு வருடத்தில் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதுவும் பாதிப் பேச்சு. இவர் பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல் பட்டனைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். கேட்டைத் தாண்டியதும் கழற்றிவிடுவார்.

கல் விஷயத்தை இவரிடம் சொன்னேன். "வுடு. கல்லுல இன்னா கீது" என்றார். அப்புறம் வெளியே போய் பைக்கைக் கழுவினார். நேற்றைய மழையே கழுவிவிட்ட பைக்.

அடக்கத்தன்று பெட்டிக்குத் தோள் கொடுக்க முன்னால் போனவரை அண்ணன் "ஆளுங்க கீறாங்க" என்று நிறுத்திவிட்டான். கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் வரவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். எனக்குத்தான் ஆறவில்லை.

நவம்பர் 12, புதன்

லீவு கிடைத்தது. ஷிப்ட் முடிந்து நேராக அம்மா வீடு. அண்ணன், அண்ணி லில்லி, ஆல்வின் மதியமே வந்துவிட்டார்கள். கல் வெட்டுகிறவர் போனில் பேசினார். நாளை காலைக்குள் ஓகே சொன்னால்தான் வெள்ளிக்கு ஆகுமாம். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், "காலைல சொல்றேன்" என்றான்.

ஏழு மணி. அம்மா பாயை விரித்தாள். அப்பா இருந்தவரை அவர்தான் முன்னே சொல்லுவார், நாங்கள் பின்னே. அண்ணனும் நானும் இந்த வீட்டில் ஏழு மணிக்கு முழங்காலிட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. கடைசிக் காலத்தில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். இன்று அம்மா முன்னே சொன்னாள். அப்பாவின் வார்த்தை, அப்பா மூச்சு விடும் இடங்கள் உட்பட.

செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் முடிந்தது. பிறகு அப்பாவின் ரோல்கால். பட்டாளத்தில் காலையில் பெயர் கூப்பிடுவதைப்போல, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைப்பார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடமாக:

"ஜெரோமுக்காக. லில்லிக்காக. ஸ்டெல்லாவுக்காக. தேசப்பனுக்காக. ஆல்வினுக்காக. எல்லைல நிக்கிற புள்ளைங்களுக்காக. பாவி சவரிமுத்துவுக்காக…"

அங்கே நின்றாள். அப்பாவின் வரிசையை அப்படியே, தேசப்பனோடு சேர்த்து, சொல்லிவிட்டது அப்புறம்தான் உறைத்திருக்கிறது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணன்தான் "ஆமென்" என்றான்.

அடுப்படியில் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தினி நாளா நைனா அவரு பேரைச் சொல்லிக்கினு இருந்தாரு?"

"நீ கண்ணாலம் கட்டிக்கினியே, அன்னிக்கி ராவுலேர்ந்து. ஒரு நாள் வுடல."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"ஜெபத்துல சொல்றத வெளிய சொல்லிக்கினு திரிவாங்களா?" அடுப்பை நிறுத்தினாள். "மொத நாளு எங்கிட்ட கேட்டாரு, அந்தப் புள்ள பேரு இன்னான்னு. ஃபேக்டரி கேட்டு புக்குல தெனம் பாக்கற பேருதான். அவருக்குத் தெரியாதா? என் வாயால ஒரு தடவை கேக்கணும்னு கேட்டாரு."

ஆறு வருடம். இரண்டாயிரம் சாயங்காலத்துக்கு மேல். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வருகிறது. ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கலாமே அப்பா. ஒரே ஒரு தடவை.

நவம்பர் 13, வியாழன்

வெயில். கடைசியில் துணி காய்ந்தது.

பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் அண்ணன் போனில்: "அண்ணாத்தே, ஒரு பேரு வுட்டுப் போச்சு. மருமகன். எழுதிக்கோ, தேசப்பன். மகளுக்குப் பக்கத்துல. ஆமா, என் தப்புதான்."

என்னைப் பார்த்தான். "நாஷ்டா ஆச்சா?" என்றான். அவனும் அப்பா பிள்ளைதான்.

இவருக்கு நான் சொல்லவில்லை. நாளை காலை பூசைக்கு வாருங்கள் என்று மட்டும். நைட் ஷிப்ட் முடிந்து நேராக வருகிறாராம்.

நவம்பர் 14, வெள்ளி

பூசை முடிந்து கல்லறைக்கு. ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். கருப்புக் கல், எழுத்து வெள்ளை. ஈரம் இன்னும் காயவில்லை.

தேசப்பன் வழக்கம்போல கேட்டுக்கு வெளியே. அண்ணன் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தான். இவர் கல்லைப் படித்தார். மேலிருந்து ஒவ்வொரு வரியாக. ஒரு வரியில் நின்றார்.

பிறகு சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார்.