காறை எலும்பில் இல்லாத முண்டு

நெல்லிவாசல்
12.2.1983

அன்புள்ள மாப்ள தீர்த்தகிரிக்கு,

தங்கச்சி தாமரைக்கு முட்டிக்கு மேல எலும்புல புத்து நோயாம். பயப்படாதீங்க, ரெண்டாவது நிலைதானாம். மூணு மாசம் மருந்து ஏத்திட்டு ஆபரேஷன்னு சொன்னாங்க. நெஞ்சுப் படம் அனுப்பியிருக்கேன். எக்ஸ்ரே படிக்கிறவரு, நீங்களே பாருங்க. "பரீட்சைய வுட்டுட்டு ஓடியாந்தா மூஞ்சில முழிக்க மாட்டேன்"னு உங்க சம்சாரம் சொல்லச் சொல்லுது.

உங்க மச்சான்
தங்கவேல்

மெட்ராஸ்
20.2.1983

அன்புள்ள மச்சானுக்கு,

படத்தப் பாத்து அழுதுட்டேன், சந்தோஷத்துல. மெதுவா வளர்ற கட்டின்னா ஒண்ணாவது நிலை, வேகமா வளந்தா ரெண்டு. நுரையீரலுக்குப் போயிட்டா எதுவா இருந்தாலும் மூணு. தாமரைக்கு நுரையீரல் சுத்தமா இருக்கு. கால் போனாலும் ஆள் இருப்பா. மே மாசம் பரீட்சை, முடிஞ்சதும் வர்றேன்.

தீர்த்தகிரி

மெட்ராஸ்
9.6.1983

மச்சானுக்கு,

ஏப்ரல்ல தந்தி பாத்து ஓடி வந்தேன். அவளுக்குப் பேச்சு நின்னுபோயிருந்துச்சு, ஒரு வார்த்த பேசாமலே போயிட்டா. இப்பதான் அந்தப் படத்தத் திரும்ப வெளிச்சத்துல வெச்சுப் பாத்தேன்.

பன்னெண்டு வயசுல புளி உலுக்கப் போய் வுழுந்து அவளுக்குக் கழுத்துக்குக் கீழ காறை எலும்பு ஒடஞ்சுதில்ல? கூடுன எடத்துல முண்டு இருக்கும். தொட்டுப் பாத்தவன் நான். இந்தப் படத்துல அது இல்ல. அன்னிக்கி நுரையீரலத் தவிர நான் எதையும் பாக்கல.

இது யாரு படம்?

தீர்த்தகிரி

நெல்லிவாசல்
17.6.1983

மாப்ள,

என் சம்சாரம் வடிவோட படம். போன வருசம் இருமலுக்கு எடுத்தது. மூலையில பேர நான்தான் மாத்தி எழுதினேன்.

மூணாவது நிலை, நாலு மாசம் தாங்காதுன்னு டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாரு. தங்கச்சி என் கையப் புடிச்சுக்கிட்டு, "அண்ணா, அவருக்குத் தெரிஞ்சா வந்து ஒக்காந்துப்பாரு, படிப்பு போயிடும். சொல்லாத"ன்னு சத்தியம் வாங்கிச்சு. சாவுற புள்ள கேக்குது, நான் இன்னா பண்ணட்டும்? தங்கச்சியோட நெஜப் படத்த இதுல வெச்சிருக்கேன். மன்னிச்சிருங்க.

தங்கவேல்

மெட்ராஸ்
25.6.1983

தங்கவேல் அவர்களுக்கு,

படம் வந்துச்சு. காறை எலும்புல முண்டு இருக்கு. நுரையீரல்ல ஏழு எடத்துல கட்டி இருக்கு. அவளேதான்.

பரீட்சைல பாஸ் பண்ணிட்டேன். அந்த ரெண்டு மாசமும் நான் அவ பக்கத்துல ஒக்காந்திருந்திருப்பேன். அது வேணாம்னு நீங்க ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணிட்டீங்க. அவகிட்ட கேக்க முடியாது. உங்ககிட்ட கேக்க எனக்கு ஒண்ணும் இல்ல. இனிமே மாப்ளன்னு எழுதாதீங்க.

வடிவக்கா படத்தத் திருப்பி அனுப்பியிருக்கேன். பத்திரமா வெச்சுக்குங்க. அவங்க நெஞ்சு சுத்தமா இருக்கு. நான் அழுதது அதுக்குத்தான்.

தீர்த்தகிரி