சோடாவில் கறுத்த சக்கரம்

என்னங்க,

தக்காளிச் சோறு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கோபத்தைத் தொடருங்கள்.

காரின் அலுமினியச் சக்கரங்கள் நேற்று நான் எங்கள் சாயப்பட்டறைச் சோடாவால் தேய்த்ததும் கறுத்துவிட்டன. "இது என்ன பனியன் துணியா புள்ள, சோடா போட்டு வெளுக்க?" என்று கத்தினீர்கள். பிறகு ஒரு வார்த்தை இல்லை. நாளை உங்கள் தங்கை நிச்சயத்துக்கு வெள்ளகோவிலுக்கு அந்தக் காரில்தான் போகவேண்டும்.

ஆனால் துணியை வெளுக்கும் சோடா இதை மட்டும் ஏன் கறுக்கவைத்தது? சோடாவின் காரம் கறுக்கவைத்ததைப் புளிப்பு எடுக்கலாம் என்று காலையில் புளி கரைத்து, பனியன் வேஸ்ட் துணியால் முன்சக்கரத்தின் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தேன். அந்த இடம் பளிச்சென்று ஆகிவிட்டது! போய்ப் பாருங்கள்.

– முனவர்

மீதியைத் தனியாகத் தேய்த்துவிடாதீர்கள். பட்டறையில் ஷிப்டு முடிந்ததும் வருகிறேன். சேர்ந்து தேய்த்தால் என்னோடு பேசித்தானே ஆகவேண்டும்.