மதினியின் திரிநடை

மதினி,

தீபாவளிக்கு வீட்டை ஒதுங்க வைக்கும்போது பரணிலிருந்து ஒரு காலண்டர் அட்டைப்பெட்டியை இறக்கினேன். விற்காமல் போன பழைய காலண்டர்கள்தான் இருக்கும், எடைக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்துத் திறந்தால், அச்சு மை வாசனைக்கு நடுவே டிவியில் மாட்டி ஆடும் உங்கள் விளையாட்டுப் பெட்டி இருந்தது. அந்த ஊதா நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. பக்கத்தில் வயர் சுற்றிய இரண்டு ஜாய்ஸ்டிக்குகள். இரண்டும் ஒரே நிறம், ஒரே நாளில் வந்தவை. ஆனாலும் எது உங்களுடையது என்று கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. விரலால் ஆட்டும் குச்சியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்குமே, உங்களுடையதில் அதன் கீழ்ப்பாதி மட்டும் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. மேல்பாதி வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது.

அண்ணனிடம் காட்டினேன். "அது அவ பெட்டில்லா. அங்கனயே வையி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், தன் வேட்டி நுனியால் அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்கு நினைவிருக்கும், அது நான் கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் சும்மா இருந்த காலம். அண்ணன் ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய அவருடைய கூட்டாளி ஒருவர், தன் வீட்டில் இடமில்லை என்று இந்தப் பெட்டியை நம் வீட்டில் கொண்டுவந்து போட்டார். கூடவே ஒரே ஒரு விளையாட்டு. அந்தரத்தில் மிதக்கும் ஒரு மேடை. அதன்மேல் இரண்டு பொம்மைகள் அடித்துக்கொள்ளும். அடி வாங்க வாங்க, அடுத்த அடிக்கு இன்னும் தூரமாகப் பறக்கும். மேடைக்கு வெளியே போய் விழுந்தால் ஓர் உயிர் போச்சு. ஆளுக்கு மூன்று உயிர். அவ்வளவுதான் சங்கதி.

நீங்கள் அச்சங்குளத்திலிருந்து நம் வீட்டுக்கு வாழ வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருக்கும். பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறி இறங்கியது கல்யாணத்தோடு நின்றது. வேலை நிற்கவில்லை. காலையில் முற்றத்தில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுவீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கையில் இருக்கும் பசையைக் கழுவிவிட்டு வந்து, "ஏலே, அதப் போடு" என்பீர்கள். பெண்பிள்ளை என்றுகூடப் பார்க்காமல் என்னையும் ஏலேதான், டிவிக்குள் இருக்கும் பொம்மையையும் ஏலேதான்.

ஆரம்பத்தில் நீங்கள் தோற்றுக்கொண்டே இருந்தீர்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. உங்கள் பொம்மையை நான் நெருங்குவேன். நீங்கள் பின்வாங்கக் குச்சியைத் தள்ளுவீர்கள். அது திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும். முதுகில் ஒன்று வைப்பேன். பறக்கும். தோற்றதற்காக நீங்கள் கோபப்படவில்லை. கோபமெல்லாம் பொம்மையின்மேல்தான்.

"இவன் ஏம்லே முதுகக் காட்டிட்டு ஓடுறான்?"

"ஓடணும்னா திரும்பித்தான மதினி ஆகணும்?"

"யாரு சொன்னா? எங்க ஊர்ல வெடியப் பத்த வச்சிட்டு யாரும் திரும்பி ஓட மாட்டாக. திரியப் பாத்துக்கிட்டே பின்னால வருவாக. அது எப்ப வெடிக்கும், எந்தப் பக்கம் சாயும்னு பாத்தாத்தான தெரியும்? திரும்பி ஓடுறவன் மெட்ராஸ்காரன்."

அதோடு விட்டிருந்தால் நீங்கள் என் மதினி இல்லை. மறுநாளிலிருந்து சண்டை போடுவதையே நிறுத்திவிட்டீர்கள். எதிரே நான் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறேன் என்ற நினைப்பே இல்லாமல், குச்சியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தட்டிக்கொண்டு, பொம்மையைத் திரும்பாமல் பின்னால் கொண்டுவரப் பார்த்தீர்கள். அது திரும்பித் திரும்பி ஓடியது. நான் கொட்டாவி விட்டேன். "அதுக்கெல்லாம் இதுல வழி இல்ல மதினி" என்று, ஏதோ அந்தப் பெட்டியைச் செய்ததே நான்தான் என்கிற மாதிரி சொன்னேன்.

பிறகு ஒரு மத்தியானம் அது நடந்தது. முன்னால் ஓடுவதற்காக ஒரு தட்டுத் தட்டினீர்கள். பொம்மை ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் கட்டைவிரலைக் கீழ்ப்பக்கமாக அரைவட்டம் சுற்றி மறுபக்கம் கொண்டுவந்தீர்கள். காகிதக் குழாய் சுற்றுகிற விரல் அல்லவா, அந்தச் சுற்று அதற்குத் தானாக வந்தது. பொம்மையின் கால் முன்னால் ஓடுவது போலவே ஆடியது. உடம்பு மட்டும் பின்னால் வழுக்கிக்கொண்டு வந்தது. முகம் என்னைப் பார்த்தபடியே இருந்தது.

நீங்கள் மறுபடி செய்தீர்கள். மறுபடியும் வந்தது. அப்புறம் நீங்கள் போட்ட கூச்சலில் அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்து, "என்ன தாயி, பாம்பா?" என்று கேட்டார்கள்.

"இல்ல அத்தை. பின்னால வந்துட்டான்" என்றீர்கள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்து அவர்களும் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அதற்குத் திரிநடை என்று பெயர் வைத்தோம். எனக்கு அது கடைசிவரை படியவில்லை என்பதால், அது எதற்கும் உதவாது என்று வாதாடினேன். "அடிக்கவா செய்யுது? சும்மா வழுக்கத்தான செய்யுது?" நீங்கள் பதிலை ஆட்டத்தில் சொன்னீர்கள். நான் அடிக்க வரும்போது வழுக்கிப் பின்னால் போனீர்கள். என் அடி காற்றில் போனது. வீசிய கையை நான் மடக்குவதற்குள், ஏற்கெனவே என்னைப் பார்த்து நின்ற உங்கள் பொம்மை ஓர் எட்டு முன்னால் வந்து என்னைத் தூக்கி எறிந்தது. அதற்குப் பிறகு நான் ஜெயித்த ஆட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எனக்குத் தோற்கப் பிடிக்காது. சிரித்துக்கொண்டே ஜெயிக்கிறவர்களிடம் தோற்கச் சுத்தமாகப் பிடிக்காது. நீங்களோ ஜெயித்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரிப்பீர்கள்.

வினை அண்ணன் வழியாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரஸ் கூட்டாளிகள் முன்னால் உங்களோடு ஆடி, மூன்று உயிரும் போய், உங்களிடம் ஓர் உயிர்கூட எடுக்க முடியாமல் தோற்றார். அடுத்த வாரமே, சிங்கப்பூர்க் கூட்டாளியிடம் கேட்டுவிட்டேன், பெட்டியை விருதுநகரில் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன் என்றார். "சீசன் வருது. காலண்டர் ஆர்டர் குமியுது. இனிமே இதுக்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கு?" என்றார். சீசன் அவருக்குத்தான் வந்தது. ஆனால் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

நீங்கள் சண்டை போடுவீர்கள் என்று பார்த்தேன். குழாய் சுற்றப் போய்விட்டீர்கள். சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோதுதான் சொன்னீர்கள்.

"எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து தீப்பெட்டிக் கட்டையில குச்சி அடுக்கிட்டுத்தான்லே இருந்தேன். பள்ளிக்கூடம் போனதுகூட லீவு போட்டுட்டுப் போன மாதிரிதான். நொண்டி, பாண்டி எதுவும் விளையாண்டதே இல்ல. இப்பத்தான் விளையாடுதேன். அது பொறுக்கலயா உங்க அண்ணனுக்கு?"

அழவில்லை நீங்கள். கணக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டீர்கள். நான்தான் எழுந்து உள்ளே போய் அழுதேன்.

விருதுநகர்க்காரர் பெரிய கட்டைப்பையோடு வந்து இறங்கினார். நல்ல மனிதர், சிரித்த முகம். அதே விளையாட்டுத் தன் கடையிலும் இருப்பதாகவும், ஒரு பெட்டி போதாமல் பையன்கள் அடித்துக்கொள்வதாகவும் சொன்னார். அங்கே அவரை ஜெயிக்க ஆளே இல்லையாம். நீங்கள் காப்பியை வைத்தீர்கள். கூடவே இன்னொன்றையும் வைத்தீர்கள்.

"தம்பி, ஒரு ஆட்டம் ஆடுவமா? நீங்க ஜெயிச்சா எடுத்துட்டுப் போங்க. நான் ஜெயிச்சா பெட்டி இங்கனதான் கெடக்கும்."

அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நண்பர் அண்ணனைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். "சரிங்க மதினி. ஆனா பன்னெண்டு மணிக்குக் கரண்டு போயிரும்லா?" என்றார்.

"அதுக்குள்ள முடிச்சிருவேன்" என்றீர்கள்.

அவர் சாமானியப்பட்ட ஆள் இல்லை. முதல் உயிரை உங்களிடம் எடுக்க அவருக்கு ஒரு வாய் காப்பிகூடத் தேவைப்படவில்லை. பின்வாங்குகிறவர்களைத் துரத்தி முதுகில் அடிப்பதுதான் அவர் பாணி. நீங்கள் பதற்றத்தில் திரிநடையை மறந்து திரும்பி ஓடினீர்கள். இரண்டாவதும் போனது. அண்ணன் பையை எட்டி எடுத்து வைத்தார். அதுதான் உங்களுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, நேராக உட்கார்ந்தீர்கள்.

அதற்கப்புறம் நீங்கள் முதுகைக் காட்டவே இல்லை. அவர் பாய்ந்தார், நீங்கள் வழுக்கினீர்கள். அவர் அடி காற்றில் போனது, உங்கள் அடி விழுந்தது. ஓர் உயிர் போனது. "இது என்ன மதினி, இப்பிடிப் போறான்?" என்று கேட்டபடியே மறுபடி பாய்ந்தார். இரண்டாவதும் போனது. அண்ணன் தன்னை அறியாமல் நாற்காலியை விட்டு இறங்கி, தரையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆளுக்கு ஓர் உயிர். நீங்கள் வழுக்கி வழுக்கி மேடையின் விளிம்புக்கே வந்துவிட்டீர்கள். இதற்குமேல் போக இடமில்லை. அவர் கடைசி அடியை ஓங்கினார். அது உங்கள் மூக்குக்கு முன்னால் போய் நின்றது. நீங்கள் ஓர் எட்டு வைத்து அடித்தீர்கள். அவர் பொம்மை பறந்தது. பறந்துகொண்டே இருக்கும்போது கரண்டு போய்விட்டது.

டிவி கறுத்துவிட்டது. மின்விசிறி சுற்றி ஓயும் சத்தம் மட்டும் கேட்டது. விழுந்ததா, திரும்பி வந்து மேடையைப் பிடித்ததா, யாருக்கும் தெரியாது. நீங்கள் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி கறுத்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முதலில் பேசியது விருதுநகர்க்காரர்தான். எதுவும் பார்க்கவில்லை என்று அவர் சொல்லியிருந்தால், மறுக்க நம்மிடம் ஒன்றும் கிடையாது.

"நான் விழுந்துட்டேன் மதினி. எனக்குத் தெரியும், அதுல இருந்து திரும்ப முடியாது" என்றார். பிறகு பையை ஓரமாக மடித்து வைத்துவிட்டு, "கரண்டு வர்ற வரைக்கும் இருக்கேன். அந்த வழுக்குறத எனக்கு ஒருக்கா காட்டுவீகளா?" என்று கேட்டார்.

இருந்தார். மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டார். கரண்டு வந்த பிறகு சாயங்காலம் வரை முயன்றும் அவருக்கு வரவில்லை. கட்டைப்பையில் நீங்கள் கட்டிக் கொடுத்த சாத்தூர் சேவோடு பஸ் ஏறினார். அவர் தலை மறைந்ததும் அண்ணன் மெதுவாக, "ஏய், அத எனக்குஞ் சொல்லிக்குடேன்" என்றார். "உங்களுக்கா? சீசன் வருதுல்லா" என்றீர்கள். அன்றைக்கு அண்ணன் சிரித்த மாதிரி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நான் சென்னைக்கு வேலைக்குப் போன பிறகு ஒருநாள் இன்டர்நெட்டில் பார்த்தேன். வெளிநாடுகளில் போட்டி வைத்து ஆடுகிறவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. நிலா நடை என்று பெயர் வேறு வைத்திருக்கிறார்கள். ஆனால் மெனக்கெட்டுப் பழக வேண்டும், அடி விழாது, வேடிக்கைக்குத்தான் ஆகும் என்று போட்டியில் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லையாம். அப்படியே என் வாதம். உடனே உங்களுக்குப் போன் போட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "நிலாவுல யாருலே வெடி பத்த வச்சா?" என்றீர்கள். ஆபீஸ் என்று பார்க்காமல் சிரித்தேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக சக்கர நாற்காலி வந்தது. அண்ணனும் நானும் லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்தோம். அதற்குமேல் விடவில்லை. லிஃப்டுக்குள் நாற்காலியை நேராகத் தள்ளாமல், வார்டு பையன் அதைத் திருப்பி, பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனான். நீங்கள் எங்களைப் பார்த்தபடியே பின்னால் போனீர்கள். எனக்கு முன்னால் உங்களுக்கே அது உறைத்துவிட்டது. போர்வைக்கு வெளியே வலது கையை எடுத்து, கட்டைவிரலைக் கீழ்ப்பக்கமாக ஓர் அரைவட்டம் சுற்றிக் காட்டினீர்கள்.

"பாத்தியாலே" என்றீர்கள்.

அண்ணன் அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். கதவு மூடும்வரை நீங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

நேற்று பெட்டியை டிவியில் மாட்டினேன். உங்கள் ஜாய்ஸ்டிக்கை எடுத்து, தேய்ந்த தடத்திலேயே விரலை விட்டேன். இத்தனை வருடம் எனக்குப் பிடிகொடுக்காதது ஒரே சுற்றில் வந்துவிட்டது. பொம்மை முகத்தைத் திருப்பாமல் பின்னால் போனது. நான் போட்ட கூச்சலில் அண்ணன் ஓடி வந்து நின்று பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, இன்னொரு ஜாய்ஸ்டிக்கின் வயரைப் பிரிக்க ஆரம்பித்தார். பெட்டி இங்கனதான் கெடக்கு மதினி.