நேசமலர் சாகக்கூடாது

04.03.1993, வியாழன். பரந்தன்

காலை நடை முடித்துப் பாதங்களைக் கழுவினேன். உள்ளங்காலைக் கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். புண் இல்லை. நீரிழிவு வந்து பதினாறு வருடம். ஒரு விரலும் இழக்கவில்லை.

பதினான்காம் தேதி என் வீட்டுக்காரரின் ஆட்டைத் திவசம்; அவர் போய் ஒரு வருடம். அவரின் தங்கை நேசமலர் வருவாள். போன வருடம் செத்தவீட்டில், அத்தனை சனத்துக்கு முன்னால் சொன்னாளே: "வாய்க்கு ருசியா ஒண்டும் குடுக்காமல் என்ர அண்ணையைப் பட்டினி போட்டே சாக்காட்டினது இவாதான்."

அவருக்கும் நீரிழிவு. உப்பையும் சீனியையும் அளந்து அளந்து பன்னிரண்டு வருடம் காப்பாற்றியவள் நான். சொன்னதை அதே சனத்துக்கு முன்னால் அவள் திருப்பி எடுக்க வேண்டும். எடுக்க வைப்பேன்.

09.03

நேசமலருக்கும் இப்போது நீரிழிவாம். மாத்திரையை நினைத்தால் போடுகிறாளாம். எனக்கென்ன?

15.03



நேற்றுப் படையலுக்கென்று அவள் கொண்டுவந்தது அரியதரம், மோதகம், பனங்கட்டிப் பாயாசம். அவருக்கு நான் மறுத்ததெல்லாம் ஒரே வாழையிலையில். "அண்ணை இண்டைக்காவது ஆசைதீரச் சாப்பிடட்டும்" என்றாள், எல்லோருக்கும் கேட்க. சபையில் சத்தம் போட கன்னியர் மடப் பள்ளியில் எங்களைப் பழக்கவில்லை.

பந்தி முடிய அவளுக்கு வியர்த்தது. மூச்சு வாங்கியது. தாடையைத் தடவினாள்.

"நெஞ்சு நோகுதோ?"

"இல்லை."

"அப்ப வாய்வுதான்" என்று பக்கத்து வீட்டு அன்னபாக்கியம் இஞ்சி இடிக்கக் குசினிக்கு ஓடினா.

எனக்குத் தெரியும். அவர் போன அன்று அவருக்கும் நெஞ்சு நோகவில்லை. இதே வியர்வை, இதே மூச்சு. நாங்களும் இஞ்சித் தண்ணிதான் கொடுத்தோம். நீரிழிவுக்காரருக்கு மாரடைப்பு நோவில்லாமலும் வரும் என்று டொக்டர் பிறகுதான் சொன்னார்.

குசினி வாசலில் நின்று பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இஞ்சி இடித்து, கொதிக்கவைத்து, வடித்து முடியும்வரை — கடவுளே, அவ்வளவு நேரமும் நின்றேன்.

பிறகுதான் உறைத்தது. இவள் இப்போது செத்தால் அந்தச் சொல் அப்படியே நிற்கும். செத்தவளின் பேச்சை யார் திருத்துவது? இல்லை. இவள் பிழைக்க வேண்டும். பிழைத்து, சொன்னதை விழுங்க வேண்டும்.

அன்னபாக்கியம் நீட்டிய கோப்பையைத் தட்டிவிட்டேன். "வாய்வும் இல்லை, மண்ணும் இல்லை! நடக்க விடாதேங்கோ! தவராசா, ட்ரக்டரை எடும்!" என்று அன்னபாக்கியத்தின் மகனை விரட்டினேன்.

அவர் வைத்துவிட்டுப் போன அஸ்பிரின் ஒன்றை அவள் வாய்க்குள் திணித்து, "சப்படி" என்றேன். ட்ரக்டர் பெட்டியில் அவள் தலை என் மடியில். கிளிநொச்சிவரை, ஒவ்வொரு குழிக்கும், "செத்துப்போகாதையடி மூதேசி" என்று திட்டிக்கொண்டே போனேன். மடத்தில் படித்த நான்!

18.03

மாரடைப்புத்தான். பிழைத்துவிட்டாள். "அண்டைக்குச் சொன்னது பொய்யெண்டு இனியாவது சொல்லு" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

21.03

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் சொல்லவில்லை. குசினி வாசலில் நின்றதை நானும் சொல்லவில்லை.

27.03, சனி

ஒருநாளும் தவறாமல் போகிறேன். இன்று உப்பில்லாக் கஞ்சி.

"சொல்லப்போறியோ, இல்லையோ?"

கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல: "சொல்லிப்போட்டா நாளைக்கு நீங்கள் வரமாட்டியளே, மச்சாள்."

கஞ்சியை ஊட்டினேன். முகத்தைச் சுளித்தாள். நாளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

குரக்கன் பிட்டாம். சம்பலுக்கு உப்புப் போடமாட்டேன்.