மேற்கு ஓடையும் ஏரோப்ளேன் திடலும்

ஜெயமங்கலம்,
4.8.1978

சென்னைப் பட்டணத்து மகாராணி, என் அக்கா மகள் சொர்ணலதாவுக்கு,

உன் தாய்மாமன், ஜெயமங்கலத்துச் சக்கரவர்த்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் எருமையும் நலம். அங்கே நீ நலமா என்பதைவிட, நீ யார் பக்கம் என்பதே என் கேள்வி.

வயலுக்கு மருந்தடிக்கும் குட்டி ஏரோப்ளேன் இறங்குகிற திடலை நீட்டப்போகிறார்களாம். இப்போதே அது இறங்கினால் எருமை பாலை உள்ளிழுத்துக்கொள்கிறது. பெரிய ப்ளேன் வந்தால் எருமையே பறந்து கம்பம் சந்தையில் போய் இறங்கும். அது கிடக்கட்டும். திடலுக்குப் படம் வரைவது உன் ஆபீஸாமே? திடலோரம் வீடு கட்டியிருக்கிற பிச்சைமணி சொன்னான். மாமனிடம் ஏன் மறைத்தாய், தாயி? நம் வயலும் அந்தப் படத்துக்குள் இருக்கிறதா?

இப்படிக்கு,
வெற்றிவேந்தன் சுருளியாண்டி

*

சென்னை,
11.8.1978

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். மறைக்கவில்லை. சொன்னால் ஊரெல்லாம் தமுக்கடிப்பீர்கள் என்று பயந்தேன். நம் வயல் படத்தில் இல்லை. ஊருக்குள் சத்தம் குறைய வேண்டும் என்றுதான் திடலை மேற்கே நீட்டுகிறோம். அடுத்த வாரம் சர்வேயர் வருவார். மழைத்தண்ணீர் எந்த வழியாகக் கண்மாய்க்குப் போகிறது என்று கேட்பார். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
சொர்ணலதா

*

ஜெயமங்கலம்,
20.8.1978

கெட்டிக்காரியே,

வென்றுவிட்டேன்! சர்வேயர் மேற்கு ஓடையில் நின்று, "பெரியவரே, இதுல தண்ணி வருமா?" என்றார்.

"தண்ணியா? எங்க பாட்டன் காலத்துல இங்கன ஒரு தவளை தாகத்துல செத்துச்சு. அதுல இருந்து தவளைகூட இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கிறதில்ல" என்றேன். பிச்சைமணி உட்பட ஊரே தலையாட்டியது.

சங்கிலி பிடித்து வருகிறவரிடம் தண்ணீர் உண்டு என்று இந்த ஊரில் எவன் சொல்லியிருக்கிறான்? சொன்னால் நிலத்தை நஞ்சை என்று எழுதி மறுவருசம் தீர்வையை ஏற்றிவிடுவார்கள். நீ கேட்கச் சொன்னதும் அதற்குத்தானே? உண்மையைச் சொல், உன்னை ஏவியது யார்?

இப்படிக்கு,
ஏமாறாத சுருளியாண்டி

*

சென்னை,
2.9.1978

மாமாவுக்கு,

தீர்வைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஓடை இருந்தால் திடலுக்கு அடியில் தண்ணீர் போக ஒரு பாலம் வைக்கலாம். அதற்காகத்தான் கேட்கச் சொன்னேன். ஊரே இல்லை என்றுவிட்டீர்கள். படத்திலும் பாலம் இல்லை. திடலை நீட்ட ஓடைக்குக் குறுக்கே ஆளுயர மண்கரை வரப்போகிறது. ஐப்பசி மழையில் பிச்சைமணி அண்ணன் வீடு முங்கும். நம் கண்மாய் காயும்.

சின்ன வயதில் அந்த ஓடையில் குளித்தவள் நான் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். "உன் மாமன் ஊருக்காகப் பேசுகிறாயா?" என்று அவரும் என்னைத்தான் சந்தேகப்படுகிறார்.

பத்தாம் தேதி இஞ்சினியர் அங்கே வருகிறார். அதற்குப் பிறகு படத்தை மாற்ற முடியாது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

சொர்ணலதா

*

ஜெயமங்கலம்,
11.9.1978

சொர்ணம்,

நேற்று இஞ்சினியர் வந்தார். நான் சொன்னது பொய் என்றேன்.

"அன்னைக்கு இல்லேன்னீக, இன்னைக்கு இருக்குங்கிறீக. எதைப் பெரியவரே நான் எழுத?" என்றார்.

ஊரில் எவனும் எனக்குச் சாட்சிக்கு வரவில்லை. நான் மண்வெட்டியை எடுத்து ஓடையில் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் ஈரமணல் வந்தது. அதற்கும் அவர் அசையவில்லை. பிச்சைமணி பெண்டாட்டி முருகம்மாள்தான், "இங்கன வாங்கய்யா" என்று அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். சுவரில் இடுப்புக்குக் கீழே கறை.

"போன ஐப்பசியில இம்புட்டு நின்னுச்சு. கரையும் போட்டீகன்னா நாங்க கூரையிலதான் குடும்பம் நடத்தணும்" என்றாள். பிச்சைமணி தலையைக் குனிந்துகொண்டான்.

இஞ்சினியர் எழுதிக்கொண்டார். பாலம் உண்டு என்றார்.

நேற்றிலிருந்து ஊரில் என்னோடு யாரும் பேசுவதில்லை. தீர்வை ஏறினால் பழி என் தலையில். ஏறட்டும்.

உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு, தாயி. மனதில் வைத்துக்கொள்ளாதே. தீபாவளிக்கு வா.

பாலம் எத்தனை அடி அகலம் என்று மட்டும் எழுது. கட்டும்போது நான் கயிறு பிடித்து அளந்து பார்ப்பேன்.

உன் மாமன்,
சுருளியாண்டி