உன் அறையில் கேட்ட சத்தம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அப்பா சுகம், நான் சுகம், அம்மாவும் சுகம், அவளுடைய வலது கை மட்டும் இன்னும் மாவுக்கட்டில் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ராத்திரி கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாயா என்று முதலில் கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். குளியலறையில் வழுக்கி விழுந்ததைப் போனில் உன்னிடம் சுளுக்கு என்றுதான் சொல்லியிருப்பாள். சுளுக்கு இல்லை, மணிக்கட்டில் எலும்பு விரிசல், பயப்பட ஒன்றுமில்லை, கூடிவருகிறது. பார்சலில் துணியோடு கடிதம் வைப்பது எப்போதும் அம்மாதான். இந்தத் தடவை என்னை உட்காரவைத்து, "நான் என்னென்ன எழுதுவேன்னு உனக்குத் தெரியுமில்ல, அதை எழுது, அவ கவலைப்படற மாதிரி எதையும் எழுதிடாதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதனால் இது அம்மாவின் கடிதம்தான். ஆனால் எழுதுகிறவள் நான் என்பதால் அம்மா எழுதாததும் கொஞ்சம் வரும். போனை என்னிடம் கொடுத்தால் "ம்" என்பதற்கு மேல் எனக்கு வாய் வராது என்று நீ கேலி செய்வாய். காகிதத்திடம் எனக்கு அவ்வளவு கூச்சம் இல்லை.

அம்மா விழுந்ததிலிருந்து தையல் முழுவதும் என் தலையில்தான். பள்ளிக்கூடச் சீருடை சீசன், ஹாலில் நடக்க இடம் இல்லாமல் வெட்டிய துணி குவிந்து கிடக்கிறது. கால் வலிக்கிறது என்று நான் முனகியதைக் கேட்டு அப்பா பழைய மெஷினுக்கு ஒரு மோட்டார் வாங்கி மாட்டிக்கொடுத்தார். வேலை வேகமாக நடக்கிறது, ஆனால் வீடே அதிர்கிற மாதிரி உறுமும். அந்த நாட்களில்தான் வீட்டில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. நான் சொல்வது மெஷின் சத்தம் இல்லை, வேறு. அம்மாவுக்குத்தான் முதலில் கேட்டது. கை ஓய்ந்து சும்மா உட்கார்ந்ததால் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். டிங் டிங் என்று, கொஞ்ச நேரம் அடிக்கும், நிற்கும், மறுபடி அடிக்கும் என்றாள். நான் தைப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன், ஒன்றும் இருக்காது. எனக்கு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆனால் மாடியில் குடியிருக்கும் பஸ் டிரைவருக்குக் கேட்டது. ராத்திரி வண்டி ஓட்டிவிட்டு வந்து பகலில் தூங்குகிற மனிதர், கண் சிவக்க இறங்கி வந்து, "ஏம்மா, மெஷின் உறுமறது பஸ் மாதிரிப் பழகிடுச்சு, ஆனா காலைலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் டம்ளர்ல ஸ்பூனப் போட்டுக் கலக்கிட்டே இருக்கீங்களே, உங்க வீட்ல அத்தனை காபி யாரு குடிக்கறா" என்று கேட்டார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். ஆள் வந்தால் மெஷினை அணைத்துவிட்டு உள்ளே ஓடுவது என் வழக்கம் என்று உனக்குத் தெரியும்.

அப்பா எலி என்றார். பிஸ்கட் வைத்துப் பொறி வைத்தார், பிஸ்கட்டை எறும்பு தின்றது. அவர் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி கேட்கவில்லை என்று என்னை மெஷினைத் தொட விடமாட்டார், அன்றைக்குச் சத்தமும் வராது, "உங்கம்மாவுக்குக் கையில கட்டுப் போட்டதுக்குப் பதிலாக் காதுல போட்டிருக்கணும்" என்பார். பிறகு பிளம்பர் வந்தார். குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று ஒவ்வொரு குழாயாகத் திறந்து விட்டார், சுவரைத் தட்டிப் பார்த்தார், வெகுநேரம் காத்திருந்தார், ஒரு சத்தமும் இல்லை. "உங்க வீடு என்னப் பார்த்ததும் வாய மூடிக்குதும்மா" என்றார். அதற்கு அம்மா, "எங்க சின்னவ மாதிரி, ஆளக் கண்டா ஒளிஞ்சுக்குது" என்று சிரித்தாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அம்மாவே கண்டுபிடித்தாள். உன் அறையிலிருந்து. அதற்குப் பிறகு அவள் யாரையும் தேட விடவில்லை. படிக்கும்போது பேனாவால் தண்ணீர் டம்ளரைத் தட்டிக்கொண்டே இருப்பாயே, அதே மாதிரி இருக்கிறதாம். "பெரியவ படிக்கற மாதிரியே இருக்குடி" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்து உன் அறை வாசலில் போட்டுக்கொண்டு, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அக்கா, அம்மா எழுதாததை எழுதுகிறேன் என்றேனே, அது இதுதான். எனக்கு வயிறு எரிந்தது. நான் ஹாலில் காலர் வைத்து, பொத்தானுக்குக் காஜா எடுத்து, பிசிறு வெட்டி முதுகு ஒடிந்து உட்கார்ந்திருக்கிறேன், ஒரு சுவர் தள்ளி அவள் இல்லாத உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த அறையின் சாவி அவளுடைய சாவிக்கொத்தை விட்டு இறங்கியதே இல்லை. காலையில் ஜன்னலைத் திறந்து காற்று வாங்க வைப்பாள், ஒற்றைக் கையால் உன் மேஜையைத் துடைப்பாள், பூட்டுவாள். வெட்டிய துணியை ஒரு ஓரமாக அங்கே வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "நூல் தூசி படிஞ்சிடும், அவ வந்தா தும்முவா" என்றாள். எனக்குத் தும்மல் வராதா என்று கேட்க வந்தது, வழக்கம்போல் கேட்கவில்லை. அளவு கொடுக்க வருகிறவர்களிடம் உன் படிப்பைப் பற்றி ஒரு மூச்சுப் பேசுவாள். இது யார் என்று என்னைக் காட்டிக் கேட்டால், "இவ தையல் பார்த்துக்கறா" என்பாள். நீ கல்லூரிக்குப் போன வருஷம்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். எனக்குக் கணக்கு வரவில்லை என்பது உண்மைதான், உன்மேல் அதற்குக் குறை சொல்லவில்லை. ஆனால் ஹாலில் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் பாய் விரித்துப் படுக்கும்போதெல்லாம், பூட்டிய அறைக்குள் உன் கட்டில் காலியாகப் படுத்திருப்பது எனக்கு ஞாபகம் வரும்.

போன வாரம் மெஷினுக்கு அடியில் போடும் பாபினில் நூல் தீர்ந்து, வேறு நூல் எடுத்து வர நான் உள்பக்கம் போனேன். அம்மாவுக்குச் சும்மா இருக்க முடியாதே, நான் எழுந்த இடத்தில் போய் உட்கார்ந்து, வெறுமனே இடது கையால் துணியைத் தள்ளி மோட்டாரை மிதித்துப் பார்த்திருக்கிறாள். நான் அப்போது உன் அறை வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தேன். டிங் டிங் டிங். அப்படியே நின்றுவிட்டேன். மெஷின் நின்றது, அதுவும் நின்றது. மெஷின் ஓடியது, அதுவும் அடித்தது. ஓடிப்போய் அம்மாவின் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை நானே உருவினேன், "நான் சொல்ற வரைக்கும் மிதிச்சிட்டே இரு" என்றேன். அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, நான் அவ்வளவு சத்தமாகப் பேசி அவள் பார்த்ததில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், சுவர் அலமாரியில் உன் பேச்சுப்போட்டிக் கோப்பை, அந்த மூடி போட்ட வெள்ளி நிறக் கோப்பை, அதன் மூடி நடுங்கி நடுங்கி விளிம்பில் தட்டுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின், இந்தப் பக்கம் அலமாரி. மூடியில் விரலை வைத்தேன், அடங்கியது. எடுத்தேன், அடித்தது. பக்கத்தில் நீ பரிசு வாங்கும் போட்டோ. அதில் நீ போட்டிருக்கும் சட்டை நான் தைத்தது, இடது கை கொஞ்சம் ஏறி இருக்கும், யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

எலி இல்லை, குழாய் இல்லை, நீயும் இல்லை, நான்தான். நான் தைத்தால் அடிக்கும், ஆள் வந்து நான் ஓடினால் நிற்கும். இதை அம்மாவிடம் சொல்லும்போது அவள் முகம் விழுவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாகவே இருந்தது. வாசலில் வந்து நின்றவளிடம், "அக்கா ஒண்ணும் வந்து படிக்கல, நான் தைக்கறதுதான் இது" என்று சொன்னேன். அம்மா உன் கட்டிலில் உட்கார்ந்தாள். கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்போ இத்தனை நாளா நான் உன்னையா உக்காந்து கேட்டுட்டு இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் போய்ப் பாபினில் நூல் சுற்றினேன், இரண்டு முறை அறுந்தது.

சாயந்திரம் அப்பா வந்து மூடிக்கடியில் ஒரு துண்டுத் துணியைச் செருகி, தீர்ந்தது வேலை என்றார். மறுநாள் காலை அம்மா அதை உருவிப் போட்டுவிட்டாள். டிரைவரிடம் அவளே மாடியேறிப் போய்ச் சொன்னாள், என்ன சத்தம் என்று தெரியாததால்தான் தூக்கம் வரவில்லை, இனி வரும் என்றாராம். ஸ்டூல் இன்னும் உன் அறை வாசலில்தான் கிடக்கிறது. முந்தாநாள் நான் துணிந்து, மெஷினை உன் அறையில் போட்டுக்கொள்ளட்டுமா, அங்கே ஜன்னல் வெளிச்சம் இருக்கிறதே என்று கேட்டுவிட்டேன். அம்மா, "அதே சுவத்துல அந்தப் பக்கமாப் போடு. கோப்பைய எடுக்காதே. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல சண்டை போடாம இருங்க" என்றாள். உடனே, "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ, அவ ரூம் இல்லையா" என்றும் சொன்னாள். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சரி, கேட்கிறேன். போட்டுக்கொள்ளட்டுமா அக்கா? உன் மேஜையைத் தொடமாட்டேன். தூசிக்குத் துணி போர்த்துவேன். ராத்திரி அங்கேயே தரையில் படுத்துக்கொள்வேன், நீ வந்தால் பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுவேன்.

பார்சலில் இரண்டு சட்டை இருக்கிறது, இந்தத் தடவை கை இரண்டும் சமமாக இருக்கும். ஈரத்தலையோடு குளிரில் வெளியே போகாதே என்று அம்மா சொன்னாள். வெளிச்சம் குறைந்த இடத்தில் படிக்காதே என்றும் சொன்னாள். நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும், நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறார்கள். கீழே கோணலாக இருப்பது அம்மா இடது கையால் போட்ட கையெழுத்து, அவளே போடுவேன் என்று பிடிவாதம்.

அறை விஷயத்துக்கு மறக்காமல் பதில் எழுது. சரி என்றாலும் எழுது, வேண்டாம் என்றாலும் எழுது. போனில் அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே, உறையின் மேல் என் பேரைப் போட்டு எழுது. இந்த வீட்டுக்கு என் பேரில் இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை.

இப்படிக்கு,
அம்மா
(எழுதியது உன் தங்கை)